இடிகல், அம்மி, ஆட்டுக்கல்: வாசகர் கேள்வி – பதில்

மிக்ஸி இருக்கும் வீட்டிலும் இஞ்சி தட்டவும் மிளகு நுணுக்கவும் ஒரு கல் வேண்டியிருக்கிறது. வாங்குவது, பழக்குவது, கழுவுவது பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ரசத்துக்கும் டீக்கும் ஒரு சின்ன இடிகல் வாங்க வேண்டும். கடையில் எல்லாமே கறுப்பாக, பளபளவென்று ஒரே மாதிரி தெரிகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (வி., திருச்சி)

பளபளப்பை வெளிப்பக்கத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். குழியின் உட்புறமும் குழவியின் அடியும் விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்க வேண்டும். அரைப்பது அந்தச் சொரசொரப்புதான். குழி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் மிளகு நசுங்காது, வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும்.

அடுத்து நிறம். உளி பட்ட இடத்தில் கறுப்புக் கல்லும் வெளுத்துத்தான் தெரியும். உள்ளே உளித்தடம் இருக்கிறது, ஆனால் அந்தத் தடமும் சேர்த்து மை போலக் கறுத்திருக்கிறது என்றால் எண்ணெயோ சாயமோ பூசியிருக்கிறார்கள். ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாம்பல் தூள் ஒட்டினால் பரவாயில்லை, அது கல்தூள். கறுப்பு மையாக ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சிமெண்டில் வார்த்து, கறுப்படித்து, கருங்கல் என்று விற்பதும் உண்டு. தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள், அவ்வளவு சுலபமில்லை. வெளி விட்டம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம் உள்ள கருங்கல் இடிகல் குழவி இல்லாமல் சுமார் மூன்றரை கிலோ இருக்கும். அதே அளவு சிமெண்ட் மூன்று கிலோ. கையில் அந்த வித்தியாசம் பிடிபடாது. அதற்குப் பதில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு காற்றுக் குமிழ் ஓட்டைகள், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு, இரும்பு ஆணியால் கீறினால் உதிரும் பொடி, இதெல்லாம் சிமெண்டின் அடையாளம். கருங்கல்லை ஆணியால் கீறினால் ஆணிதான் தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு விடும். கடைக்காரர் அனுமதித்தால் அடியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடலாம். நுரைத்தால் அது சிமெண்டோ பளிங்கோ சுண்ணாம்புக் கல்லோதான். கருங்கல் எந்தச் சலனமும் காட்டாது.

விரிசலுக்கு இரண்டு சோதனை. நாணயத்தால் விளிம்பில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; ‘பொத்’ என்றால் உள்ளே வாய் விட்டிருக்கிறது. தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல்.

அளவு: மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு உள்விட்டம் நாலரை அங்குலமாவது வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பி இடிக்க முடியாது என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள். பரிசுப் பொருளாக வருகிற மூன்றங்குலக் கல்லில் நாலு ஏலக்காய் தட்டலாம், அவ்வளவுதான். குழவி அரைக் கிலோவுக்குக் குறைந்தால் வேலையைக் கல் செய்யாது, உங்கள் தோள் செய்யும். அதன் அடி வளைவு குழியின் வளைவோடு பொருந்த வேண்டும். குழவியைக் குழிக்குள் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். நடுவில் முனை மட்டும் தொட்டு, சுற்றிலும் இடைவெளி தெரிந்தால் ஓரத்தில் சேர்வது அரைபடவே அரைபடாது. ஆன்லைனில் வாங்குவோர் படத்தை நம்பாமல் எடையையும் உள்ளளவையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது இடிகல்லில் மூன்று முறை அரிசி இடித்துக் கொட்டிவிட்டேன். இன்னும் சாம்பல் நிறமாகவே வருகிறது. கல் மோசமா? (ஆர்.கே., மேட்டூர்)

மூன்று முறையில் அடங்காத நல்ல கல் நிறைய உண்டு. கொத்தும்போது உளி பட்ட இடத்தில் கல்லின் பருக்கைகள் நொறுங்கி, விழாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அவை உதிர்ந்து தீர்வதற்குத்தான் பழக்குவது. கழுவினால் மட்டும் போகாது. கல்லைக் கல்லோடு உரசித்தான் உதிர்க்க வேண்டும்.

முதலில் ஓடுகிற தண்ணீரில் தேங்காய் நாராலோ கெட்டியான பிரஷ்ஷாலோ, தண்ணீர் தெளிவாக வரும்வரை தேய்த்துக் கழுவுங்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் இழைகள் குழிகளில் மாட்டித் துருப்பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியோ நொய்யோ போட்டு ஐந்து நிமிடம் இடித்து, பிறகு குழவியைச் சுவரோடு அழுத்தி வட்டமாகத் தேயுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். நடுவில் மட்டும் இடித்தால் அடிப்பகுதி பழகிவிடும், சுவர் பழகாது. பிறகு சட்னி அரைக்கும்போது சுவரிலிருந்து மண் வரும். விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரை குழவி போய் வர வேண்டும். மாவைக் கொட்டிவிட்டு, கல்லைக் கழுவிக் காயவைத்து மறுபடி.

மூன்றிலிருந்து ஐந்து சுற்றில் மாவு வெள்ளையாகும். அதன்பின் ஒரு ஈரச் சுற்று: ஊறவைத்த அரிசி ஒரு கரண்டி, கல் உப்பு ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர். விழுதை வெள்ளைத் தட்டில் வழித்துப் பாருங்கள். உலர்ந்த மாவில் தெரியாத சாம்பல் ஈரத்தில் தெரியும். அதுவும் வெளுத்தால் கடைசியாக நாலு பல் பூண்டு, சீரகம், மிளகு தலா ஒரு தேக்கரண்டி, உப்பு சேர்த்து அரைத்துக் குழி முழுக்கப் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். கல்வாடை போய்விடும். இவை எதையும் சாப்பிட வேண்டாம், கோழிக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம்.

எட்டுப் பத்துச் சுற்று ஆகியும் அதே அளவு சாம்பல் வந்துகொண்டே இருந்தால் அது நொறுங்கிய பருக்கை இல்லை, கல்லே கரைகிறது. மென்கல்லோ சிமெண்டோ. அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மியானால் இரண்டு கைப்பிடி உமியைத் தண்ணீர் தெளித்து அரைத்துத் தள்ளிவிட்டு, பிறகு ஓர் ஆழாக்கு ஊறவைத்த அரிசியை அரையுங்கள். ஆட்டுக்கல்லுக்கு நாலு மணி நேரம் ஊறிய அரைக் கிலோ அரிசியில் ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டு இருபது நிமிடம் ஆட்டி, கழுவி, இன்னொரு முறை. புழுத்த அரிசியோ குருணையோ இருந்தால் இதற்குப் போதும்.

கேள்வி: கல்லில் நல்லெண்ணெய் தடவி ஒரு வாரம் வைத்துப் பழக்கச் சொன்னார் கடைக்காரர். செய்யலாமா?

வேண்டாம். எண்ணெய் தடவிப் பழக்குவது கல்சட்டிக்கும் இரும்புத் தோசைக்கல்லுக்கும். இடிகல்லுக்கு அது தவறிப்போய் வந்து சேர்ந்த வழக்கம். கல்சட்டி மாக்கல்லில் செய்தது, அடுப்பில் ஏறுவது. எண்ணெயும் கஞ்சியும் குடித்து, சூட்டில் மெல்லப் பழகும். அரைக்கும் கல் அடுப்பில் ஏறாது. அதில் தடவிய எண்ணெய் குழிகளில் தங்கிச் சிக்கெடுக்கும், தூசியைப் பிடித்துப் பிசினாகும், போதாக்குறைக்கு உதிர வேண்டிய கல்தூளையும் ஒட்டவைத்துவிடும். ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் அரிசி மாவையோ கடலை மாவையோ கொட்டித் தேய்த்து உறிஞ்சவிட்டு, இளஞ்சூடான தண்ணீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று முறையில் போய்விடும்.

கேள்வி: பூண்டு இடித்த பிறகு ஏலக்காய் தட்டினால் பாயசத்தில் பூண்டு வாசம். பாத்திரம் விளக்கும் சோப்பு போட்டால் சோப்பு வாசம். எப்படித்தான் கழுவுவது? (தா., மதுரை)

வேலை முடிந்த கையோடு கழுவுவதுதான் முதல் விஷயம். காய்ந்த விழுதைத் தேய்த்து எடுக்கப் படும் பாடு, ஈரமாக இருக்கும்போது இல்லை. வழித்தெடுத்ததும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் குழவியை நாலு சுற்றுச் சுற்றுங்கள். ஒட்டியிருப்பதெல்லாம் கலங்கி வரும். அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். பிறகு நார், வெந்நீர், முடிந்தது.

நல்ல கருங்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது. ஒருநாள் சோப்பு பட்டதால் கல் கெட்டுப்போய்விடாது. ஆனால் உளிக்குழிகளில் சோப்பு தங்கும், அடுத்த சட்னியில் நுரைக்காமலே மணக்கும். வாடை ஏறிவிட்டால் ஒரு கரண்டி கல் உப்பும் அரை மூடி எலுமிச்சையும் வைத்துத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவி, ஒரு பிடி பச்சரிசியை உலர இடித்துக் கொட்டுங்கள். மாவு வாடையை இழுத்துக்கொள்ளும். எலுமிச்சை கருங்கல்லுக்கு மட்டும், பளிங்குக்குக் கூடாது.

ஏலக்காய்க்குத் தனிக் கல் வைத்துக்கொள்வதே நல்லது. மேலே கேலி செய்த மூன்றங்குலக் கல் இங்கே உதவும்.

காயவைப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், குழிகளில் ஈரம் நிற்கும். குழவியை உள்ளேயே நிறுத்தி மூடிவைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை வாசம். கல்லைச் சாய்த்து, குழவியைத் தனியே படுக்கவைத்து, ராத்திரி முழுக்கக் காற்றாட விடுங்கள்.

கேள்வி: முப்பது வருஷத்து அம்மி. எவ்வளவு அரைத்தாலும் விழுது நைசாவதில்லை, குழவி வழுக்குகிறது. ‘அம்மி கொத்தலையோ’ என்று வருகிறவர்களும் இப்போது வருவதில்லை. (எம்., கோவில்பட்டி)

இரண்டு கோளாறு இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பொளி (உளியால் கொத்திய புள்ளிகள்) தேய்ந்துபோனது. உள்ளங்கையால் தடவினால் கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். இதற்குக் கொத்துவதுதான் வழி.

இன்னொன்று, அம்மியின் நடு பள்ளமாகித் தேய்ந்திருப்பது. குழவியைக் குறுக்கே வைத்து, கண்ணை அம்மியின் மட்டத்துக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் வெளிச்சம் இருக்கும்படி பாருங்கள். குழவிக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் குழவி தொடவே இல்லை என்று அர்த்தம். விழுது அங்கே போய் ஒளிந்துகொள்ளும். பழைய அம்மிக்குப் புதுக் குழவி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நேர்கிறது. பழைய குழவி அம்மியோடு சேர்ந்தே தேய்ந்து நடுவில் லேசாகத் தொந்தி விட்டிருக்கும். புதியது நேராக இருக்கும். கொத்தினால் இது சரியாகாது. ஓரங்களை இறக்கி மட்டமாக்க வேண்டும், அது கல்தச்சர் வேலை.

கொத்த ஆள் வேண்டுமென்றால் கல் வேலை நடக்கும் இடத்தில் விசாரியுங்கள். மாமல்லபுரம், திருமுருகன்பூண்டி போன்ற சிற்ப ஊர்கள் எல்லோருக்கும் பக்கமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அம்மி, ஆட்டுக்கல் விற்பவர்களிடமே பெரும்பாலும் உளி இருக்கும். குழவியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அம்மியை மட்டும் கொத்திக்கொண்டு வந்து, வழுக்கும் குழவியை அதன்மேல் உருட்டுவதில் பாதிப் பயன்தான்.

நீங்களே கொத்துவதாக இருந்தால் கூர் உளி, ஒரு சின்ன சுத்தியல், கண்ணாடி, முகக்கவசம். கல்லை நனைத்துக்கொண்டே கொத்துங்கள். கருங்கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், சிலிக்கா நிறைந்தது. உளியை நேர்நிறுத்தி, கல்லைப் பிளக்கும் வேகம் இல்லாமல் ‘டொக் டொக்’ என்று ஒரு நெல் நீள இடைவெளியில் வரிசையாகப் புள்ளி வையுங்கள். புள்ளி ஆழமாக வேண்டியதில்லை. விரல் நுனிக்குத் தட்டுப்பட்டால் போதும். ஆழமாகப் போனால் மிளகாய் விதை போய்ச் சிக்கிக்கொள்ளும், கழுவ முடியாது. ஓரத்தில் அரை அங்குலம் விட்டுவிடுங்கள், அங்கே கல் பெயரும். கொத்திய கல் புதுக் கல்லுக்குச் சமம். உமி, அரிசி என்று மறுபடி பழக்கிய பிறகே சமையல்.

கேள்வி: வெள்ளைப் பளிங்கு இடிகல்லில் புளி கரைத்து அரைத்தேன். அந்த இடம் மங்கிப் பொரிந்துவிட்டது.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தக்காளி எது பட்டாலும் கரையும், கரைந்தது உங்கள் சட்னியில் போயிருக்கும். மஞ்சள் கறையும் பிடித்தால் லேசில் போகாது. மங்கிய இடத்தைச் சமையலறையில் மீட்க வழியில்லை. மிளகு, ஏலக்காய், சுக்கு போன்ற உலர்ந்தவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணத்தில் மிதித்த அம்மி வீட்டில் இருக்கிறது. அரைக்கப் பயன்படுத்தலாமா? (ச., தஞ்சாவூர்)

தாராளமாக, பெயின்ட் அடிக்காததாக இருந்தால். சடங்குக்கென்றே விற்கிற குட்டி அம்மிகளில் பலவற்றுக்கு வண்ணம் பூசியிருப்பார்கள். அது அலங்காரத்துக்கு மட்டும். மஞ்சள், குங்குமம் மட்டும் வைத்த கல்லென்றால், கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கலாம் என்பதால் நாராலும் உப்பாலும் நிறம் போகத் தேய்த்து, உமியும் அரிசியும் அரைத்துத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குழவி சின்னதாக, பேருக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அரைப்பதானால் வேறு குழவி வேண்டியிருக்கும்.

கேள்வி: கொல்லையில் இருபது வருஷமாகக் கிடக்கும் ஆட்டுக்கல்லை மீண்டும் எடுக்க ஆசை. பாசி பிடித்திருக்கிறது. (ஜெ., நாகர்கோவில்)

முதலில், இத்தனை நாளாக அதில் மழைத்தண்ணீர் நின்றிருக்குமே, அதைக் கவனியுங்கள். டெங்கு கொசு முட்டையிடும் இடங்களில் கைவிடப்பட்ட ஆட்டுக்கல்லும் உரலும் உண்டு. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போகாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். சுவரை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். ஆட்டுக்கல்லை எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாலும் குழியில் மண்ணைக் கொட்டி ஒரு செடியாவது வையுங்கள்.

அடுத்து, யாராவது அதில் சிமெண்ட், சுண்ணாம்பு, பெயின்ட், பூச்சிமருந்து கலந்திருக்கிறார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். பூச்சிமருந்து என்றால் அந்தக் கல்லைச் சமையலுக்கு மறந்துவிடுங்கள்.

இல்லையென்றால் மீட்கலாம். பாசி உலர்ந்திருக்கும்போதே கட்டை பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள்; நனைத்தால் வழவழத்துக் குழிக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு கல் உப்பும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும், சலித்துக் கழுவிய ஆற்று மணல் இரண்டு கைப்பிடியைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஆட்டினால் ஒட்டியிருந்த படிவு எல்லாம் அறுத்துக்கொண்டு வரும், தேய்ந்த பொளியும் கொஞ்சம் உயிர் பெறும். மணல் ஒன்றுவிடாமல் போகும்வரை கழுவுங்கள். அதற்குப் பிறகு முன்பு சொன்னபடி அரிசியும் உப்பும். நெருப்பு மூட்டிச் சுத்தப்படுத்தும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கருங்கல்லில் உள்ள தாதுக்கள் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. கல் வெடிக்கும், இல்லையென்றால் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

கேள்வி: நாலாவது மாடி. இடிக்கும்போது கிரானைட் மேடையில் கல் நகர்கிறது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார்.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பாலிஷ் போட்ட மேடையில் நிச்சயம் நகரும். பழைய துண்டை நனைத்துப் பிழிந்து, சும்மாடு மாதிரி சுருட்டி அடியில் வையுங்கள். நகர்வதும் நிற்கும், சத்தமும் பாதியாகும். மேடையின் நடுவில் வைக்காமல் தாங்குகல் இருக்கும் இடத்துக்கு மேலே வைத்து இடியுங்கள். நடுவில் இடித்தால் மேடைப் பலகை விரிசல் விடும் ஆபத்தும் இருக்கிறது. தரையில் வைத்து இடித்தால் சத்தம் நேராகக் கீழே இறங்கும். மிளகு, சீரகத்தை ஓங்கி இடிக்கத் தேவையில்லை. முதலில் நாலு தட்டு, மற்றது சுற்றித் தேய்ப்பது.

கேள்வி: யாழ்ப்பாணத்து இடிச்ச சம்பல் செய்ய இடிகல் வாங்கினேன். தேங்காய்ப்பூ எண்ணெய் கக்கி விழுதாகிவிடுகிறது. ஊரில் உரலில் இடிக்கும்போது பொலபொலவென்று வருமே. (க., ஸ்காபரோ, கனடா)

உரலில் உலக்கை நேரே விழுந்து எழும், தேய்ப்பு இருக்காது. வாயகன்ற, ஆழமில்லாத இடிகல்லில் கை தன்னையறியாமல் சுற்றத் தொடங்கிவிடும். சுற்றினால் தேங்காய் பிழிபடும். ஐந்தங்குலமாவது ஆழமுள்ள கல்லாக இருந்தால் நேராக இடிக்கலாம். இப்போது இருக்கும் கல்லிலேயே செய்வதென்றால் வரிசை முக்கியம்: வறுத்த செத்தல் மிளகாயையும் (காய்ந்த மிளகாய்) உப்பையும் முதலில் முழுதாகத் தூளாக்குங்கள், உப்புதான் மிளகாய்த் தோலை அறுக்கும். பிறகு சின்ன வெங்காயம், இரண்டு தட்டு. தேங்காய்ப்பூவை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் இருபது முப்பது இடிக்கு மேல் போகாமல், கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிட்டு இடியுங்கள். தேசிக்காய்ச் (எலுமிச்சை) சாறு கடைசியில், கல்லிலிருந்து எடுத்த பிறகு. குளிர்காலத்தில் கராஜில் வைத்திருந்த கல்லென்றால் அறைச் சூட்டுக்கு வந்த பின்பே வெந்நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: கீழே விழுந்து இடிகல் இரண்டாகிவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா?

ஒட்டலாம், சமைக்கக் கூடாது. ஒவ்வொரு இடிக்கும் அந்தக் கோட்டிலிருந்து பசைத்தூள் உதிரும். விளிம்பில் மட்டும் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தால், கூர்மையான முனையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு வழக்கம்போல் பயன்படுத்துங்கள். குழவி உடைந்திருந்தால் கல்லைக் கடைக்குக் கொண்டுபோய், வளைவு பார்த்துக் குழவி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், தனியாகவும் கொடுப்பார்கள்.